வீராங்கனைகளைக் காட்டி வளர்த்தால் பெண் பிள்ளை விளையாட்டில் நிலைப்பாளா?

கேள்வி கேட்டவரின் மகள் பினாங்கில் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு படிக்கிறாள், நன்றாக ஓடுகிறாள். ஸ்குவாஷ் வீராங்கனைகள் நிக்கோல் டேவிட், சிவசங்கரி போன்றவர்களைக் காட்டி ஊக்கப்படுத்தினால் போதுமா என்கிறார்.

ஆசை வருவதற்குப் போதும். படிவம் ஒன்றுக்கு, அதாவது இடைநிலைப்பள்ளிக்குப் போன பிறகும் ஓட வேண்டுமென்றால் கண்ணெதிரே ஓர் ஆள் வேண்டும். பினாங்கில் பிறை என்ற ஊர்ப்பக்கம் வார இறுதியில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளின் ஓட்டப் பயிற்சிக்கு உதவப் போகிறேன், அங்கே பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

பெரிய பெயர்களைக் குறைத்துப் பேசவில்லை. நிக்கோல் நம்மூர்க்காரர். 2006 முதல் 2015 வரை 108 மாதம் விடாமல் உலகின் முதல் இடத்தில் இருந்தார். புக்கிட் டும்பாரில் அவர் பெயரிலேயே ஸ்குவாஷ் மையம் இருக்கிறது. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு இறுதி ஆட்டத்தில் 35 வயது நிக்கோலை எதிர்த்து ஆடியது 19 வயது சிவசங்கரி, கெடாக்காரப் பெண். தங்கம் நிக்கோலுக்குப் போனது. 2022-ல் கார் விபத்தில் சிவசங்கரிக்குப் பலத்த காயம், ஆனால் மறு ஆண்டே ஹாங்சோ ஆசிய விளையாட்டில் அதே தங்கத்தை வாங்கினார். இதைச் சொன்னால் பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்பார்கள். (உண்மையில் இப்போதைய பிள்ளைகளுக்கு நிக்கோல் கொஞ்சம் பழைய ஆள். பூப்பந்தில் பெர்லியோடு ஆடும் தினா முரளிதரனைத்தான் சட்டென்று தெரிகிறது.) உங்கள் மகள் ஓட்டக்காரி என்பதால் எம். ராஜாமணியைப் பற்றியும் சொல்லுங்கள். 1964 தோக்கியோ ஒலிம்பிக்கில் ஓடியவர், 1966 பேங்காக் ஆசிய விளையாட்டில் 400 மீட்டரில் தங்கம் வென்றவர். நம் பிள்ளைகளுக்கு அந்தப் பெயரே தெரியவில்லை என்பது எனக்குப் பெரிய குறை.

சரி, சிக்கல் எங்கே வருகிறது? பன்னிரண்டு பதின்மூன்று வயதில், அதுவும் வீட்டுக்குள்ளிருந்து. வெயிலில் நின்றால் கறுத்துப் போவாய், அரைக்கால் சட்டையோடு எல்லார் முன்னாலும் ஓடுவாயா, டியூஷன் என்னாவது? 2021-ல் நாட்டுக்காக ஆடிய பூப்பந்து வீராங்கனை கிசோனாவின் நிறத்தை வைத்து ஓர் அரசியல்வாதி கேவலமாகப் பேசியபோது எல்லாருக்கும் கோபம் வந்தது. அதே நிறப் பேச்சைச் சோறு போட்டுக்கொண்டே பாசமாகப் பேசுகிற பாட்டிகள் மேல் யாருக்கும் கோபம் வருவதில்லை.

எங்கள் திடலில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு பிள்ளை திடீரென்று வாரா வாரம் மட்டம் போட ஆரம்பித்தாள். நான் கேட்டால் "வயிற்று வலி டீச்சர்" என்பதோடு சரி. அதே பள்ளியில் படித்துவிட்டு இப்போது படிவம் நான்கில் இருக்கும் ஓர் அக்கா பயிற்சிக்கு வருவாள். அவள்தான் அந்தப் பிள்ளையைத் தனியாக அழைத்துப் போய்ப் பேசினாள். புதிதாக வயதுக்கு வந்தவள், வெள்ளை அரைக்கால் சட்டையில் கறை பட்டுவிடுமோ என்று பயம், அவ்வளவுதான். அரைக்கால் சட்டைக்கு உள்ளே கறுப்பு டைட்ஸ் போடு, பையில் எப்போதும் ரெண்டு பேட் வை, மாவட்டப் போட்டியில் நானே இரண்டாம் நாள் வலியோடுதான் ஓடினேன் என்றிருக்கிறாள். பிறகு வீட்டுக்கும் போய், "ஆன்ட்டி, நானே கூட்டிப் போய் நானே கொண்டு வந்து விடுகிறேன்" என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறாள். அடுத்த வாரம் இரண்டு பேரும் சேர்ந்து வந்து நின்றார்கள். எனக்கும் அந்தப் பிள்ளைக்கும் இருந்த வயது இடைவெளியில் அது நடந்திருக்காது.

நிக்கோலே தன் அக்காமார் பின்னால் கோர்ட்டுக்குப் போன சின்னப் பிள்ளைதான். பிறகு ஆம்ஸ்டர்டாமில் அவரை உருவாக்கிய லிஸ் இர்விங்கும் உலகின் இரண்டாம் இடம் வரை போன ஆட்டக்காரர். இப்போது நிக்கோல் தொடங்கிய அமைப்பு கோலாலம்பூரில் வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு ஸ்குவாஷோடு ஆங்கிலமும் சொல்லித் தருகிறது. விளையாட்டால் படிப்பு கெடும் என்று பயப்படுகிற பெற்றோரை இப்படித்தான் வழிக்குக் கொண்டு வர வேண்டும்.

நீங்கள் செய்யக்கூடியது: இடைநிலைப்பள்ளியை முடிவு செய்வதற்கு முன் அங்கே ஓட்டப் பயிற்சியை யார் பார்க்கிறார்கள், மூத்த மாணவிகள் ஓடுகிறார்களா என்று விசாரியுங்கள். மாவட்டப் போட்டி நடக்கும் நாளில் மகளைக் கூட்டிப் போய்க் கூடாரத்தில் இருக்கும் அக்காக்களோடு பேச விடுங்கள், நீங்கள் அவர்களின் அம்மாக்களோடு பேசுங்கள். எத்தனை மணிக்கு வீடு திரும்புவார்கள், டியூஷனை எந்த நாளுக்கு மாற்றினார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். வீட்டில் பெரியவர்கள் முணுமுணுத்தால், அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கான தகுதி மதிப்பெண்ணில் 10 விழுக்காடு புறப்பாடத்துக்கு, அதாவது விளையாட்டு, சங்கம் போன்றவற்றுக்கு என்று சொல்லிப் பாருங்கள். எங்கள் பக்கம் பல அப்பாக்கள் அதற்குத்தான் மசிந்தார்கள்.

அப்புறம், விலை கூடின ஸ்பைக்ஸ் (அடியில் முள் வைத்த ஓட்டக் காலணி) இப்போதே வாங்காதீர்கள். இந்த வயதில் கால் வளர்ந்துகொண்டே இருக்கும். சீனியர் அக்காக்களிடம் சின்னதாகிப் போன ஜோடி கட்டாயம் இருக்கும், கேட்டால் கொடுத்துவிடுவார்கள்.