வணிகக் கப்பல் அகாடமியில் படித்தால் ராணுவப் பயிற்சியும் கிடைக்குமா?

அமெரிக்காவின் கிங்ஸ் பாயிண்ட் அகாடமியை மனதில் வைத்துக் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். கிடைக்கும். சொல்லப்போனால், ராணுவத்தை முழுசாக ஒதுக்கிவிட்டு அங்கே படிக்கவே முடியாது. நியூயார்க் மாநிலத்தில் 1943-ல் முறைப்படி திறக்கப்பட்ட இந்த அகாடமியில், அமெரிக்க மாணவர்கள் கடற்படை ரிசர்வின் (தேவைப்படும்போது அழைக்கப்படும் துணைப்படை) மிட்ஷிப்மேன்களாகவும், அதாவது பயிற்சி அதிகாரிகளாகவும், இருப்பார்கள். சீருடை, அணிவகுப்பு, கடற்படை அறிவியல் பாடம் எல்லாம் உண்டு.

ஆனால் என்னைக் கேட்டால், வகுப்பறையைவிட 'கடல் ஆண்டு'தான் பெரிய வாய்ப்பு. இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் தவணை தவணையாகக் கப்பலுக்கு அனுப்புவார்கள். பெரும்பாலும் சரக்குக் கப்பல்தான். சிலருக்கு, படைகளுக்குச் சரக்கும் எரிபொருளும் கொண்டுபோகும் மிலிட்டரி சீலிஃப்ட் கமாண்ட் அமைப்பின் கப்பல் அமையும். ஓடிக்கொண்டிருக்கும் போர்க்கப்பலுக்குப் பக்கத்திலேயே அதே வேகத்தில் போய், குழாய் இழுத்து எரிபொருள் கொடுக்கும் வேலையை அங்கே நேரில் பார்க்கலாம். வேறு எந்த ராணுவ அகாடமி மாணவருக்கும் இது இவ்வளவு நெருக்கமாகக் கிடைப்பது அரிது.

அப்புறம், தரைப்படை, விமானப்படை, கடலோரக் காவல்படை என எதிலும் அதிகாரியாகச் சேரலாம். மரைன் கோர் (கடலிலிருந்து தரையிறங்கிப் போரிடும் படை) ஆசை இருந்தால், வர்ஜீனியா மாநிலத்தின் குவாண்டிகோ தளத்தில் அதிகாரித் தேர்வுப் பயிற்சியைத் தாண்ட வேண்டும். அது உடம்பை நன்றாகவே சோதிக்கும்.

சரி, பதிலுக்கு என்ன கேட்பார்கள்? படிப்பு முடிந்ததும் ஏதாவது ஒரு படையில் 5 ஆண்டு முழுநேரப் பணி. இல்லையென்றால் கப்பல் துறையில் 5 ஆண்டு வேலையும், அதோடு 8 ஆண்டு ரிசர்வ் அதிகாரிப் பொறுப்பும்.