ஒரே நாளில் நெல்லையைக் காட்ட

சகோ, டெல்லியிலிருந்து வரும் அலுவலக நண்பர்கள் ஒரு நாள்தான் இருப்பார்கள், அதற்குள் குற்றாலம், பாபநாசம் இரண்டையும் காட்ட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், பாதி நாள் காரிலேயே போய்விடும். காலையில் கிருஷ்ணாபுரம் கோயிலுக்குக் கூட்டிப்போங்கள், திருச்செந்தூர் சாலையில் பக்கம்தான். அங்குள்ள சிற்பத்தில், இளவரசியைத் தோளில் தூக்கிச் செல்லும் குறவனின் விலா எலும்பைக் கல்லிலேயே எண்ணிவிடலாம், மொழி தெரியாதவர்களுக்கும் விளக்கம் தேவைப்படாது. மதியம் உங்கள் வீட்டிலேயே சொதி (தேங்காய்ப்பால் குழம்பு), இஞ்சித் துவையலோடு. ஓட்டலில் அந்த ருசி வராது. சாயங்காலம் அல்வாவுக்குப் பேர்போன இருட்டுக்கடை திறக்கும்போதே வரிசையில் நின்றுவிடுங்கள், ஊருக்குப் பொட்டலம் வாங்கினாலும் 50 கிராமாவது இலையில் சூடாக அங்கேயே சாப்பிட வையுங்கள், நெய் விரலில் வழிய வேண்டும். அப்புறம் எதிரிலேயே நெல்லையப்பர் கோயில், இசைத்தூண்களைத் தவறவிடாதீர்கள்.