1980களின் ஒலி வரவில்லையா? டிரம்ஸைப் பாருங்கள்

நீங்கள் செய்த பாட்டில் மெட்டும் சிந்தசைசரும் (மின்னணு முறையில் ஒலி உருவாக்கும் கீபோர்டு) 1980களைப் போலவே இருந்தும், கேட்டவர்கள் எல்லாம் "இந்தக் காலத்துப் பாட்டு மாதிரிதான் இருக்கு" என்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். மெட்டில் கை வைக்காதீர்கள். பாட்டின் காலத்தைக் காது முதலில் பிடிப்பது டிரம்ஸில்தான்.

டிரம்ஸில் கூர்மையாக ஒலிக்கும் சிறு முரசான ஸ்னேருக்குத் தாராளமாக எதிரொலி கொடுத்து, அது தானாக அடங்கும் முன்பே கேட் (ஒலி ஓர் அளவுக்குக் கீழே இறங்கியதும் அடைத்துவிடும் கருவி) போட்டு வெட்டிவிடுங்கள். 'டம்' என்று பெரிதாக எழுந்து சட்டென்று நிற்கும். அந்தக் காலத்தின் முத்திரையே அதுதான். சிந்தசைசரில், 1983இல் வந்த யமஹா டிஎக்ஸ்7 என்ற டிஜிட்டல் சிந்தசைசரின் பாணி எலெக்ட்ரிக் பியானோவையும் மணியோசையையும் எடுங்கள். டிஜிட்டலுக்கு முந்தைய அனலாக் சிந்தசைசர் ஒலியை மட்டும் நம்பினால் எழுபதுகளின் பக்கம் சாய்ந்துவிடும்.

அப்புறம், குரலில் ஆட்டோடியூன் (சுருதியைத் திருத்தும் மென்பொருள்) இருந்தால் எடுத்துவிடுங்கள்; அது 1997இல்தான் வந்தது. (என்னைக் கேட்டால், சுருதி லேசாக விலகுவதும் அழகுதான்.) மாஸ்டரிங்கில், அதாவது வெளியிடும் முன் செய்யும் கடைசி ஒலிச் சீரமைப்பில், லிமிட்டரை (ஒலி ஓர் அளவைத் தாண்டாமல் தடுக்கும் கருவி) இறுக்கி எல்லாவற்றையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவருவது தொண்ணூறுகளில் சிடியோடு வளர்ந்த பழக்கம். அதைத் தளர்த்தினாலே பாதி வேலை முடிந்தது. முன்னிசை ஐந்து நொடியில் முடிகிறதா? தைரியமாக நீட்டுங்கள். ஸ்ட்ரீமிங்கில் தள்ளிவிட்டுப் போவார்களே என்ற பயம் அப்போது யாருக்கும் இல்லை.