கிணற்றில் முங்கும்போது காது குத்துகிறதா? வலிக்கும் முன்பே செய்ய வேண்டியவை

கேள்வி: எங்கள் ஊர் பாலக்கோடு பக்கம். 16 வயது மகன் தோட்டத்துக் கிணற்றில் நன்றாக நீந்துவான். அடியில் கிடக்கும் கல்லை எடுக்க முங்கினால், பாதி ஆழத்திலேயே காது குத்துகிறது, நெற்றி வலிக்கிறது என்கிறான். போன வாரம் சளியோடு முங்கி மேலே வந்ததும் மூக்கில் லேசாக ரத்தம். மூக்கைப் பிடித்து ஊதினால் சரியாகும் என்கிறார்கள். காதில் எண்ணெய் விடலாமா?

பதில்: எண்ணெய் வேண்டாம். வலி செவிப்பறைக்கு உள்பக்கம். வெளியே விடும் எண்ணெய் அங்கே போகாது. பறையில் ஓட்டை விழுந்திருந்தால் போய்விடும், அது இன்னும் மோசம்.

பறைக்குப் பின்னால் சின்னக் காற்றறை ஒன்று உண்டு. அதையும் மூக்கின் பின்பக்கத்தையும் இணைப்பது யூஸ்டேசியன் குழாய், சுமார் 3.5 செ.மீ. நீளம். எப்போதும் மூடியே இருக்கும். எச்சில் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் ஒரு கணம் திறக்கும். தண்ணீரில் 33 அடி இறங்கினால் அழுத்தம் இரட்டிப்பாகும் என்றாலும் தொல்லை மேலேயே தொடங்கிவிடுகிறது. முதல் பத்தடிக்குள் அந்தக் காற்று கிட்டத்தட்ட கால் பங்கு சுருங்கப் பார்க்கும், பறை உள்ளே இழுபடும். ஏறக்குறைய நான்கடி ஆழத்துக்குரிய அழுத்த வித்தியாசம் சேர்ந்துவிட்டால், குழாயின் வாய் ஒட்டிப் பூட்டிக்கொள்ளும். பிறகு எவ்வளவு ஊதினாலும் திறக்காது. ஊதச் சொன்னவர்கள் சொன்னது சரிதான், எப்போது ஊத வேண்டும் என்பதைத்தான் விட்டுவிட்டார்கள்.

கரையிலேயே மூக்கைப் பிடித்து எச்சில் விழுங்கிப் பார்க்கட்டும். இரண்டு காதிலும் 'டப்' என்று கேட்க வேண்டும். ஒன்று திறக்காவிட்டாலும் அன்றைக்கு மேலாக நீந்துவதோடு சரி. திறந்தால், தலை மூழ்குவதற்கு முன் ஒருமுறை மூக்கைப் பிடித்து, வாயை மூடி, மெதுவாக ஊதட்டும். பிறகு ஒன்றரை, இரண்டு அடிக்கு ஒருமுறை, வலிக்கும் வரை காத்திராமல். அழுத்தம் தெரிந்தும் திறக்கவில்லையா, இரண்டடி மேலே வந்து மறுபடி முயல வேண்டும். அங்கேயே நின்று முகம் சிவக்க முக்கினால் உள்காதின் சவ்வு கிழியலாம். தலைகீழாகப் பாய்வதைவிட, படியையோ கயிற்றையோ பிடித்துக் கால் முதலில் இறங்கினால் காது எளிதாகத் திறக்கும். திட்டிலிருந்து குதிப்பதில் ஊத நேரமே கிடைக்காது.

நெற்றி வலி வேறு கதை. புருவத்துக்கு மேலுள்ள சைனஸ் அறையின் துவாரத்தைச் சளி அடைத்திருக்கும். காற்று சுருங்க, உள்சவ்வு வீங்கி ரத்தம் கசியும். மேலே வரும்போது காற்று விரிந்து அதை மூக்குக்குத் தள்ளும். உங்கள் மகனுக்கு நடந்தது பெரும்பாலும் இதுதான். காதுக்குழாயைத் திறக்கத் தசை உண்டு, சைனஸுக்கு இல்லை. ஆகவே சளி இருந்தால் முங்கவே கூடாது. மூக்கடைப்பைத் திறக்கும் சைலோமெட்டாசோலின் சொட்டு மருந்தை விட்டுக்கொண்டு இறங்குவதையும் நாங்கள் ஏற்பதில்லை. ஐந்து நாளுக்கு மேல் விட்டால் அந்த மருந்தே மூக்கை அடைக்கும். மூக்கு கழுவ, கொதிக்கவைத்து ஆறிய 240 மி.லி. நீரில் அயோடின் சேர்க்காத உப்பு கால் முதல் அரை டீஸ்பூன் போதும். கிணற்று நீரை, குழாய் நீரை அப்படியே ஏற்ற வேண்டாம். நெக்லேரியா அமீபா அந்த வழியாகத்தான் மூளைக்குப் போகிறது.

பஞ்சு, காதடைப்பான் எதுவும் முங்கலுக்கு ஆகாது. மூக்கை மூடாத நீச்சல் கண்ணாடியும் அப்படியே: உள்ளே காற்று ஊத வழியில்லாமல் கண் வெள்ளையில் ரத்தம் கட்டும்.

பறை கிழிந்தால் வலி சட்டென்று குறையும், குளிர்ந்த நீர் உள்ளே போய்த் தலை சுற்றும். மேல் எது, கீழ் எது என்றே தெரியாது. அப்போது படியைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அல்லது கொஞ்சம் காற்றை விட்டுக் குமிழி போகும் திசையில் ஏற வேண்டும். ஒகேனக்கல் சுழலிலோ கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையிலோ இதற்கெல்லாம் அவகாசம் கிடைக்காது. தனியாக முங்குவது கிணற்றிலும் கூடாது.

காது கேட்காமல் போனால், இரைச்சல் அல்லது தலைசுற்றல் நீடித்தால், காதிலிருந்து ரத்தமோ நீரோ வந்தால், அன்றே தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டுங்கள். இவை எதுவும் இல்லாவிட்டாலும், ரத்தம் வந்திருப்பதால் மருத்துவர் ஒருமுறை பறையைப் பார்த்துவிடட்டும். அதுவரை அவன் கிணற்றில் இறங்க வேண்டாம்.