'நல்லடக்கம்' என்றால் புதைப்பதா, எரிப்பதா?

புதைப்பதுதான். எரித்தால் அது தகனம். செய்திகளில் சிலர் இரண்டையும் குழப்பி 'மின் மயானத்தில் நல்லடக்கம்' என்று எழுதிவிடுகிறார்கள். அது தவறு.

'அடங்கு' என்ற வினையிலிருந்து வந்த சொல் அடக்கம். மண்ணுக்குள் அடங்குவதும் அடக்கம், பணிவும் அடக்கம். திருக்குறளின் 'அடக்கமுடைமை' பணிவையும் தன்னடக்கத்தையும் பற்றியது, சாவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. முன்னால் 'நல்' சேர்ந்தால் குழப்பம் தீர்ந்தது. பணிவை யாரும் நல்லடக்கம் என்பதில்லை.

'புதைத்தல்' என்பதும் சரியான சொல்தான். ஆனால் குப்பையையும் புதைக்கிறோம், கேபிளையும் புதைக்கிறோம். அதனால் மனிதரைப் பற்றி எழுதும்போது அது கொஞ்சம் மொட்டையாக ஒலிக்கிறது. 2018-இல் கருணாநிதியின் உடல் மெரினாவில் 'நல்லடக்கம் செய்யப்பட்டது' என்று எழுதினால்தான் மரியாதை.

முஸ்லிம்களிடையே 'ஜனாஸா நல்லடக்கம்' என்பது அறிவிப்புகளில் அன்றாடம் காணும் தொடர்; ஜனாஸா என்றால் இறந்தவரின் உடல். கிறிஸ்தவர்களிடம் 'அடக்க ஆராதனை', 'அடக்கத் திருப்பலி' உண்டு. யாழ்ப்பாணத்து மரண அறிவித்தல்களில் 'நல்லடக்கத்திற்காகச் சேமக்காலைக்கு எடுத்துச் செல்லப்படும்' என்று வரும்; சேமக்காலை என்றால் கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டம். சேமித்து வைக்கும் இடம்! எனக்கு மிகவும் பிடித்த சொல்.

சரி, பேச்சில்? துக்க வீட்டில் யாரும் 'நல்லடக்கம் எத்தனை மணிக்கு?' என்று கேட்பதில்லை. 'எப்போ எடுக்கிறாங்க?' என்பார்கள், புதைப்பதானாலும் எரிப்பதானாலும்.