கைதிகளுக்குப் போலீசைப் பிடிக்காததற்கு ஒழுக்கமும் சுயக்கட்டுப்பாடும் இல்லாததுதான் காரணமா?

கேள்வி கேட்டவர் சட்டமோ சமூகவியலோ படிப்பவராக இருக்க வேண்டும். தன்னைக் கட்டுப்படுத்தத் தெரியாதவன் குற்றம் செய்வான், அவனுக்குத்தான் போலீசைப் பிடிக்காது என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். நான் சிறைக் காவலராக, அதாவது வார்டராக, இருந்து ஓய்வு பெற்றவன். பாதிதான் சரி என்பேன்.

முன்கோபிகள் உண்டு. அவர்களுக்குப் போலீஸ், வார்டர், டாக்டர் எல்லோரும் ஒன்றுதான். ஆனால் வீட்டிலிருந்து மனு பார்க்க, அதாவது சிறைக்கு வந்து நேரில் சந்திக்க, ஆள் வந்துவிட்டால் அந்தக் கோபம் சாயங்காலத்துக்குள் இறங்கிவிடும்.

வரப்புத் தகராறில் பங்காளியை வெட்டிவிட்டுத் தானே ஸ்டேஷனில் போய் நின்ற ஒருவர் எங்கள் பிளாக்கில் இருந்தார். ஆயுள் தண்டனை. கெட்ட வார்த்தை பேசமாட்டார், அடுத்தவர் பீடியைத் தொடமாட்டார். போலீசை அங்கே அதிகம் வெறுத்தவரும் அவர்தான். "நான் செஞ்சதுக்கு உள்ள இருக்கேன். அன்னிக்கு ஊர்லயே இல்லாத என் தம்பிய எதுக்கு சார் கேஸ்ல சேர்த்தாங்க?" என்பார். அதே மனிதர், கைதான இரவில் அம்மாவுக்குப் போன் போட்டுக் கொடுத்த ஏட்டையாவைப் பற்றிப் பேசும்போது குரலே மாறிவிடும். தப்பு எது, சரி எது என்று தனக்கு ஒரு தராசு வைத்திருப்பவன் போலீசையும் அதில்தான் நிறுத்துப் பார்ப்பான்.

அமெரிக்க உளவியலாளர் டாம் டைலர் 1984இல் சிகாகோவில் 1,575 பேரிடம் ஆய்வு செய்தார். அவர்கள் கைதிகள் அல்ல, சாதாரண மக்கள். தனக்குச் சாதகமாக முடிந்ததா என்பதைவிட, நியாயமாக நடத்தினார்களா என்பதே அவர்களுக்கும் பெரிதாக இருந்தது.

கொலைகாரனுக்கு வக்காலத்தா என்று கேட்பீர்கள். செத்தவர் குடும்பத்தின் இழப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. என் மைத்துனரே போலீஸ்தான், நேர்மையானவர். ஆனால் கைதானவர் கேட்டால், கைது செய்யும்போதே உடம்பில் உள்ள காயங்களைப் பார்த்துப் பதிவு செய்ய வேண்டும் என்று டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது 1996இல். அதற்குப் பிறகும் கையில் மாவுக்கட்டோடு வந்து, "பாத்ரூம்ல வழுக்கி விழுந்தேன்" என்று மனப்பாடமாக ஒப்பிக்கும் பையனுக்குப் போலீஸ் மேல் மரியாதை வரவில்லையென்றால், அது அவனுடைய சுயக்கட்டுப்பாட்டுக் குறையா?

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். கைதியைக் கோர்ட்டுக்கோ ஆஸ்பத்திரிக்கோ கூட்டிப் போக வழிக்காவல் போலீஸ் வர வேண்டும். வேறு இடத்தில் பந்தோபஸ்து என்று சொல்லி அவர்கள் வராவிட்டால் திட்டு வாங்குவது வார்டர். பல்வலியில் முகம் வீங்கிப்போன ஒருவர் வழிக்காவல் கிடைக்காமல் நாள்கணக்கில் காத்திருந்தார். எங்களையும் போலீஸ் என்று நினைத்துத்தான் அவர் கத்தினார். சிறைத்துறை வேறு, காவல்துறை வேறு என்று வெளியே இருப்பவர்களுக்கே தெரியவில்லை, அவரை மட்டும் எப்படிக் குறை சொல்வது?