கண் லென்ஸ் முழுக்கப் புரதம் என்றால் அது எப்படிக் கண்ணாடி மாதிரி இருக்கிறது? வயதானால் அதில் விழும் கண்புரையைச் சொட்டு மருந்தால் கரைக்க முடியாதா?

உயிர்வேதியியல் படித்த காலத்தில் பார்த்த ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். ஆய்வகத்தில் ஒரு நாள் கன்றுக்குட்டியின் கண்ணிலிருந்து லென்ஸைப் பிரித்தெடுத்தோம். கோலிக்குண்டை லேசாக அமுக்கிவிட்டது போல ஓர் உருண்டை. அச்சடித்த தாளின் மேல் வைத்தால் கீழே இருந்த எழுத்து பெரிதாகத் தெரிந்தது. அதைச் சின்னக் கிண்ணத்தில் போட்டு ஐஸ் மேல் வைத்தோம். கொஞ்ச நேரத்தில் நடுவில் பால் கலந்தது போல வெண்மை. கெடுத்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். ஆசிரியர் ஒன்றும் சொல்லாமல் கிண்ணத்தை உள்ளங்கைக்குள் பொத்தி வைத்துக்கொண்டார். வெண்மை வந்த சுவடே தெரியாமல் போய்விட்டது.

இதற்குக் குளிர் புரை என்று பெயர். இளம் விலங்குகளின் லென்ஸில் பார்க்கலாம். உள்ளே இருந்த புரதம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. குளிரில் லென்ஸில் உள்ள காமா என்ற ஒரு வகைப் புரதங்கள் ஓரிடத்தில் அடர்ந்தும் ஓரிடத்தில் விலகியும் போயின, அவ்வளவுதான். உங்கள் முதல் கேள்விக்கான பதில் அந்தக் கிண்ணத்திலேயே இருக்கிறது.

லென்ஸின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புரதம், மிச்சம் பெரும்பாலும் தண்ணீர். அந்தப் புரதத்தில் மிகப் பெரும்பகுதி ஆல்பா, பீட்டா, காமா என்ற மூன்று வகைக் கிரிஸ்டலின்கள். இவ்வளவு கெட்டியான கரைசல் கலங்கலாகத்தானே இருக்க வேண்டும்? 1971-இல் ஜார்ஜ் பெனடெக் என்ற இயற்பியலாளர் இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார். பெரிய கூடத்தில் ஐம்பது பேர் நின்றால் இங்கே ஒரு கும்பல், அங்கே காலியிடம். அதே கூடத்தில் ஆயிரம் பேரை அடைத்தால் எங்கே பார்த்தாலும் ஒரே நெருக்கம். புரதங்களும் அப்படி அடைந்து நிற்பதால், ஒளியின் அலைநீள அளவில் பார்த்தால் அடர்த்தி எங்கும் ஒரே சீராக இருக்கிறது. சிதறும் ஒளி பெரும்பாலும் ஒன்றையொன்று அடித்துப்போட்டுவிடுகிறது. 1983-இல் டெலாய், டார்டியூ என்ற இரு ஆய்வாளர்கள் செய்த எக்ஸ்-கதிர் சோதனைகள் இதை உறுதிப்படுத்தின. ஆக, லென்ஸ் தெளிவாக இருப்பதே அந்த நெரிசலால்தான்.

சரி, பிறகு ஏன் புரை? ஒளிக்குக் குறுக்கே எதுவும் நிற்கக் கூடாது என்று லென்ஸின் நார்ச்செல்கள் தங்கள் உட்கரு, மைட்டோகாண்ட்ரியா எல்லாவற்றையும் தாமே அழித்துவிடுகின்றன. ரத்தக் குழாயும் கிடையாது. உட்கரு போனால் புதுப் புரதம் செய்ய வழியில்லை. லென்ஸின் நடுவில் உள்ள புரதம் நீங்கள் அம்மா வயிற்றில் இருந்தபோது உருவானது, கடைசிவரை அதேதான். கிரீன்லாந்து சுறாக்களின் வயதை 2016-இல் இப்படித்தான் கணக்கிட்டார்கள்: லென்ஸின் நடுப்பகுதியை எடுத்துக் கதிரியக்கக் கார்பன் அளந்தார்கள். மிகப் பெரிய சுறாவுக்கு சுமார் 392 வயது, முன்னே பின்னே 120. புரதம் மாறியிருந்தால் இந்தக் கணக்கே போட முடியாது.

அத்தனை வருடம் வெயிலையும் ஆக்சிஜனேற்றத்தையும் தாங்கும் புரதம் மெல்லச் சிதைகிறது, மடிப்பு அவிழ்கிறது. அவிழ்ந்தவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் பிடித்து வைப்பது ஆல்பா கிரிஸ்டலின். இந்த வேலையை 1992-இல் ஜோசப் ஹார்விட்ஸ் என்ற ஆய்வாளர் காட்டினார். ஆனால் கையிருப்பு அளவானது. நடுத்தர வயதுக்குள் லென்ஸின் நடுவில் கரைந்த நிலையில் இருக்கும் ஆல்பா அநேகமாகத் தீர்ந்துவிடுகிறது. அப்புறம் அவிழ்பவை கட்டிகளாகச் சேர்கின்றன. கட்டி ஒளியின் அலைநீளத்தை எட்டும் அளவுக்குப் பெருத்தால் ஒளி சிதறுகிறது. சர்க்கரை நோய், புகைபிடித்தல், நீண்டகால ஸ்டீராய்டு எல்லாம் இதை முன்கூட்டியே கொண்டுவரும்.

வெந்த முட்டையின் வெள்ளைக்கரு உதாரணத்தை எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். முட்டை ஒரே சூட்டில் வெந்துவிடுகிறது. புரை பல பத்தாண்டுச் சில்லறைச் சேதங்களின் கூட்டுத்தொகை. ஒரே ஒரு பிணைப்பை அவிழ்த்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நம்ப முடியாதது அதனால்தான். 2015-இல் லானோஸ்டெரால் என்ற பொருள் நாய்களின் புரையைக் குறைத்தது என்று செய்தி வந்தபோது நானும் துள்ளினேன். ஆனால் அறுவையில் எடுத்த மனித லென்ஸின் நடுப்பகுதிகளை அதே கரைசலில் ஊறவைத்துப் பார்த்தவர்களுக்குத் தெளிவு திரும்பவில்லை. இன்றுவரை புரையைக் கரைப்பதாக நிரூபணமான சொட்டு மருந்து இல்லை. இணையத்தில் விற்பதை வாங்கிக் கண்ணில் விடாதீர்கள். அறுவையில், பெரும்பாலும் மீயொலியால், லென்ஸை உடைத்து எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் வைப்பதுதான் வழி. அப்படிச் செயற்கை லென்ஸை முதலில் வைத்தவர் ஹெரால்ட் ரிட்லி என்ற ஆங்கிலேயக் கண் மருத்துவர், 1949-இல்.

அம்மாவுக்கு ஒரு கண்ணில் மட்டும் அறுவை முடிந்திருந்த வாரம், இரண்டு கண்ணையும் மாறி மாறிப் பொத்திக்கொண்டு தலையணை உறையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கண்ணுக்கு அது வெள்ளை, மற்றதற்கு டீக்கறை படிந்த நிறம். பழைய புரதம் மஞ்சளாவதும் இதே கதையின் ஒரு பகுதிதான். "இத்தனை நாளா இதையா வெள்ளைன்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றார். மறுநாளே இன்னொரு கண்ணுக்கும் தேதி கேட்கச் சொல்லிவிட்டார்.